குருவிகள் போட்ட காகிதம்

அத்தியாயம் பதினான்கு

பத்தொன்பது ஆல்பங்களும் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டிருந்ததால், அன்று காலை அக்காவும் தம்பியும் சமையலறையிலேயே உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்தார்கள்.

கிளென்டாரிக் பிரபு ரானல்ட் தன் ஐம்பத்தாறு வயதில் சமையலறையில் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பிடித்துப்போய்விடுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

"உப்பு போடலியா?" என்றான்.

"போட்டிருக்கேன். அங்க கொண்டு வந்து வைக்கறதுக்குள்ள ஆறிடும், உப்பு தெரியும். இங்க சூடா இருக்கு, தெரியல" என்றாள் மிஸஸ் கெடிஸ். முப்பது வருடமாக அந்த வீட்டுச் சமையல் அவளுடையது. வீடு கைமாறப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் யாருக்கும் பயப்படுவதில்லை.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டின் நிலைமை தெரியும். இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: டாரிக் மாளிகை அடுத்த மாதம் பெண்கள் பள்ளிக்கூடம் ஆகிறது. மனைவியை இழந்த ரானல்டும், கல்யாணமே செய்துகொள்ளாத அவனுடைய அக்கா யூஃபீமியாவும் ஆற்றோரத்தில் இருக்கும் நாலு அறை வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அந்த வீட்டுக்குள் நுழையாத சாமான்களில் அவர்கள் அம்மாவின் ஆல்பங்களும் உண்டு. எடின்பரோவில் இருக்கும் நூலகம் ஒன்று அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

யூஃபீமியாவை வீட்டில் எஃபி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர்களுடைய அப்பா வெகுதூரத்தில், கரும்பு விளையும் செயின்ட் கிறிஸ்பின் தீவுக்கு ஆறு வருடம் கவர்னராக இருந்தார். அந்த ஆறு வருடத்தையும் அம்மா வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். கவர்னர் மாளிகைப் படிக்கட்டில் எடுத்த போட்டோக்கள், விருந்துகளின் சாப்பாட்டுப் பட்டியல்கள், யார் யாரோடு நடனமாடினார்கள் என்று குறித்த அட்டைகள், குதிரைப் பந்தய ரிப்பன்கள், தந்திகள், காய்ந்த பெரணி இலைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊதா மையில் ஒரு வரி. 'நல்ல மழை. எல்லோரும் சிரித்தோம்.' 'ரானல்டுக்குப் புதுத் தொப்பி.'

இந்த மூன்று நாளாக அதையெல்லாம் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டிருக்கிறாள் நூலகத்திலிருந்து வந்த மிஸ் கேர்ன்ஸ். நாற்பது வயதிருக்கும். கோட்டுப் பையில் மூன்று பென்சில்கள், மூன்றும் ஒரே நீளம். ரானல்டுக்கு அவளைக் கண்டாலே கொஞ்சம் கலக்கம்.

ஒன்பது மணிக்கு அவள் வேலையைத் தொடங்கினாள். ரானல்ட் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

"இது பிஷப் இல்ல. பிஷப்போட தம்பி" என்றான் ஒரு போட்டோவைக் காட்டி.

"உங்க அம்மா பிஷப்னுதான் எழுதியிருக்காங்க."

"எங்க அம்மாவுக்கு எல்லாப் பாதிரியும் ஒண்ணுதான். பிஷப் இவ்வளவு சந்தோஷமா இருந்து யாரும் பார்த்ததில்ல."

"சரி, 'மகன் மறுக்கிறார்'னு பக்கத்துல எழுதிக்கறேன்."

எஃபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சன்னலோரம் உட்கார்ந்து, போட்டோக்களுக்கு நடுவே வைக்க மெல்லிய தாள்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். வெளியே தோட்டத்தில் சன்னமாகத் தூறல்.

மிஸ் கேர்ன்ஸ் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"லேடி யூஃபீமியா, மறுபடியும் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கடைசி ஆல்பத்தோட பின்னட்டையில உங்க அம்மாவே பட்டியல் எழுதியிருக்காங்க. பத்தொன்பது ஆல்பம், தேதியோட. அதுக்குக் கீழ, 'இருபது: எஃபியின் ஒட்டுப் புத்தகம்.' அது கிடைக்கவே இல்லையா?"

"அன்னிக்கே சொன்னேனே. தொலைஞ்சு போச்சு."

"சாக்லெட் காகிதமும் தபால்தலையும் ஒட்டின சின்னப் பிள்ளை நோட்டு அது. அதை எதுக்கு நூலகத்துல வைக்கணும்?" என்றான் ரானல்ட்.

மிஸ் கேர்ன்ஸ் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

"நேத்து சாயங்காலம் எங்க ஆபீசுக்குப் போன் பண்ணினேன். நீங்க ஆல்பம் கொடுக்கறது பேப்பர்ல வந்துச்சு இல்லியா, அதைப் பார்த்துட்டு ஒருத்தங்க கடுதாசி போட்டிருக்காங்களாம். டண்டீல ஆஸ்பத்திரி நர்ஸ். பேரு ஓர்லின் பெரோ. செயின்ட் கிறிஸ்பின்ல பிறந்தவங்க. அவங்க அப்பா எலைஜா பெரோவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல அங்க தூக்குல போட்டாங்களாம்."

கத்தரிக்கோல் நின்றது.

"கரும்புக் கலகம்" என்றான் ரானல்ட். "தோட்டத்துக்குத் தீ வெச்சாங்க. ஓவர்சியர் ஒருத்தர் அதுல வெந்து செத்தார். கோர்ட்ல விசாரிச்சுத் தீர்ப்பு சொன்னாங்க. அதுக்கும் எங்க அம்மா ஆல்பத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அவங்க அம்மா கவர்னருக்குக் கருணை மனு கொடுத்தாங்களாம். தீவு ஆவணத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. வந்ததுன்னும் இல்ல, வரலைன்னும் இல்ல. வீட்டுக் காகிதத்துல ஏதாவது இருக்குமான்னு கேட்டிருக்காங்க."

"இருக்காது" என்றான் ரானல்ட்.

"இருக்கு" என்றாள் எஃபி.

வேறெதுவும் சொல்லாமல் கத்தரிக்கோலைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மாடியில் படுக்கை விரிப்புகள் வைக்கும் அலமாரி. அதன் அடித்தட்டில், யாரும் எடுக்காத பழைய, பூ நெய்த டமாஸ்க் விரிப்புகளுக்கு அடியில் கை விட்டாள். பச்சைத் துணி அட்டை, நாடா கட்டியது. அதை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்தாள்.

ரானல்ட் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"தொலைஞ்சு போச்சுன்ன?"

"பொய் சொன்னேன்."

"அதுலயா அந்த மனு இருக்கு? உன் கைக்கு எப்படி வந்தது?"

"அப்பா மேசையிலருந்து எடுத்தேன். பதினோரு வயசு எனக்கு. ஓரமெல்லாம் குருவி வரைஞ்சிருந்தது, ரானல்ட். பச்சை, நீலம், மஞ்சள். சந்தையில ஒருத்தன் கடுதாசி எழுதிக் கொடுப்பானே, அவன் வரைஞ்சது. நான் எழுத்தைப் படிக்கவே இல்ல. குருவியைத்தான் பார்த்தேன். அங்க இருந்த சமையல்காரிகிட்ட மைதா பசை வாங்கி ஒட்டிட்டேன்."

"எப்ப படிச்ச?"

"பதினாறு வயசுல. தட்டம்மை வந்து படுத்திருந்தேனே, அப்ப பொழுது போகாம இதை எடுத்துப் பார்த்தேன்."

"அதுவே நாப்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லிடலாம்னு இருந்தேன்."

ரானல்ட் அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

எஃபியைப் பெண் கேட்டு வந்தவர்களில் பெர்த் நகரத்து வக்கீல் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், சிரிக்கத் தெரிந்தவர். 'சின்ன வயசுல நீ ஒட்டி வெச்ச புத்தகமெல்லாம் இருக்குமே, காட்டேன்' என்று ஒரு நாள் ஆசையாகக் கேட்டார். மறுநாள் எஃபி அவரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஏனென்று அம்மாவுக்கும் புரியவில்லை, ஊருக்கும் புரியவில்லை. அந்த வக்கீலுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான் ரானல்ட்.

"அவரே கேட்டார்."

"என்னது?"

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நீ லண்டன்லருந்து இன்னும் வந்து சேரல. சூப் கொடுத்துட்டு இருந்தேன். 'குருவி போட்ட காகிதம் எங்கே'ன்னார். ஜுரத்துல உளர்றார்னு டாக்டர் சொன்னார். நான் தலையணையைத் தட்டிப் போட்டுட்டு, 'எந்தக் குருவிப்பா?'ன்னு கேட்டேன்." அவள் நாடாவை விரலில் சுற்றினாள். "என் முகத்தையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் கேக்கவே இல்ல."

ரானல்ட் கீழே கூடத்தை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"கீழ கணப்பு எரியுது."

"அதுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லல. கணப்பு எரியுதுன்னு மட்டும் சொல்றேன்."

"அந்தப் பொண்ணு டண்டீல இருக்கா, ரானல்ட். நீ கண்ணாடி மாத்தப் போற ஊரு. பஸ்ல ரெண்டு மணி நேரம். உனக்கு எதிர்ல நடந்து போயிருப்பா."

"அப்பாவைப் பத்தி என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா? மனு வந்தது, கவர்னர் வீட்டுப் பிள்ளைங்க அதுல பசை தடவி விளையாடிச்சுங்கன்னு பேப்பர்காரன் எழுதுவான்."

"எழுதட்டும். அதானே நடந்தது."

அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். அவன் வழிவிடவில்லை. பிறகு விட்டான்.

கீழே வந்ததும் எஃபி புத்தகத்தைத் தானே பிரித்தாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலிருந்து வெட்டிய தேவதை, சாக்லெட் சுற்றிய வெள்ளித் தாள், மட்டக் குதிரையின் பிடரியிலிருந்து ஒரு கொத்து மயிர். அடுத்த பக்கம் முழுக்க அந்தக் காகிதம். ஐம்பது வருடத்துக்குப் பக்கமாகியும் சாயம் மங்கவில்லை. வரிகளைச் சுற்றிலும் குருவிகள், ஒன்று பார்த்த திசையில் இன்னொன்று பார்க்கவில்லை.

மிஸ் கேர்ன்ஸ் நின்றபடியே படித்தாள். எஃபிக்கு அது மனப்பாடம்.

'மேன்மை தங்கிய கவர்னர் அவர்களுக்கு. தீ வைத்ததாகச் சொல்லும் இரவில் என் புருஷன் வலையோடு கடற்கரையில் இருந்தார். நான் கூட இருந்தேன். பெண்டாட்டி சொன்னால் எடுபடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. வயிற்றில் ஐந்து மாதம். தங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேள்வி.'

அதன் கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு, அதன் மேல் குறுக்கே இன்னொரு கோடு. பக்கத்தில் எழுதிக் கொடுத்தவனின் கையில், 'செலெஸ்டின் பெரோ.'

"தங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று மிஸ் கேர்ன்ஸ் மெல்லத் திருப்பிச் சொன்னாள். தான் வாய்விட்டுச் சொல்லிவிட்டது அவளுக்கே பிறகுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் சிவந்துபோனது.

பிறகு குனிந்து, காகிதத்தின் கீழ் மூலையைப் பார்த்தாள். பசை காய்ந்து அந்த மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

"பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கு. சிவப்பா."

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிவப்புப் பென்சில் அந்த வீட்டில் ஒரே ஒருவருடையது. வேறு யாரும் அதைத் தொடக்கூட முடியாது.

"பின்னாடி எழுத்தா?" என்றாள் எஃபி. "நான் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லையே."

"எடுத்துப் பார்க்கலாம். ஆனா இது எங்க ஆபீஸ்ல, நிதானமா..."

"இப்பவே எடுங்க."

"கிழிஞ்சா?"

"கிழியட்டும். நான் இனிமே காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

மிஸ் கேர்ன்ஸ் பையிலிருந்து தந்தத்தில் செய்த மெல்லிய தகடு ஒன்றை எடுத்தாள். மூலையில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். மைதா பசை பொடியாக உதிர்ந்தது. டீ கொண்டுவந்த மிஸஸ் கெடிஸ் ஊற்றாமல் கெட்டிலோடு அப்படியே நின்றாள். மேல் மூலையில் ஒரு இடம் மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. காகிதம் வந்தபோது அந்த மூலைக் குருவி புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

மிஸ் கேர்ன்ஸ் காகிதத்தைத் திருப்பி எஃபியின் முன் வைத்தாள்.

அப்பாவின் எழுத்து. சாய்ந்த, அவசரமான எழுத்து.

'புதன். இந்தப் பெண்ணை நம்புகிறேன் என்றே நினைக்கிறேன். வியாழன் காலை மறுபடி என் முன் வைக்கவும்.'



மிஸ் கேர்ன்ஸ் பதினோராவது ஆல்பத்தை இழுத்து அந்த வாரத்துப் பக்கத்தைத் தேடிப் பிரித்தாள். கொடி கட்டிய படகுகள், வெள்ளை உடுப்பில் கூட்டம், நடுவில் அப்பா. அம்மாவின் ஊதா மை: 'வியாழன், ஆகஸ்ட் 31. படகுப் போட்டி. அவருக்குத் தலைவலி, ஆனாலும் வந்தார்.'

"தூக்கு என்னிக்கு?" என்று மிஸஸ் கெடிஸ் கேட்டாள்.

"மறுநாள்" என்றாள் எஃபி. "வெள்ளிக்கிழமை விடியக்காலம்."

ரானல்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போட்டோவில் முன்வரிசையில் மாலுமிச் சட்டை போட்ட ஒன்பது வயசுப் பையன் அவன்தான். வாயெல்லாம் பல்.

"நீ ஒட்டினதை நான் பார்த்தேன்" என்றான்.

எஃபிக்குச் சட்டென்று புரியவில்லை.

"புதன்கிழமை சாயங்காலம். நீ படிக்கற அறையில உட்கார்ந்து ஒட்டிட்டு இருந்த. கதவிடுக்கு வழியாப் பார்த்தேன். வியாழன் காலையில அப்பா மேசையைத் தலைகீழாக் கவிழ்த்துத் தேடினார். குமாஸ்தாவைத் திட்டினார். நான் போட்டிக்குக் கிளம்பி வாசல்ல நின்னேன். 'குருவி வரைஞ்ச காகிதம் ஒண்ணு பார்த்தியாடா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னா உனக்கு அடி விழும். அடி விழுந்தா நம்ம ரெண்டு பேருக்கும் படகுப் போட்டி கிடையாது. பார்க்கலைன்னுட்டேன்."

"ஒன்பது வயசு உங்களுக்கு" என்றாள் மிஸ் கேர்ன்ஸ். "தூக்குன்னா என்னன்னு அந்த வயசுல..."

"தெரியும்." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஜெயில் எங்க தோட்டத்துக்கு அந்தப் பக்கம். நாலு நாளாப் பலகை அடிக்கற சத்தம் கேட்டுட்டே இருந்தது. வீட்டு வேலைக்காரங்க யாரும் எங்ககிட்ட பேசல. எல்லாம் தெரியும்."

எஃபி தம்பியின் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தன்னைப் பெரிய பாவி என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறார்கள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். வெறும் குருவிப் படம்னு நீ மறந்துபோயிருப்ப, நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ ஏன் சொல்லல?"

"உனக்கு அப்பான்னா உசிரு. அதனால."

மிஸ் கேர்ன்ஸ் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். நூலகத்துக்காரி பேசக்கூடாத இடம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பேசினாள்.

"ஒண்ணு கேக்கலாமா? காகிதம் கிடைக்கலைன்னா என்ன? அவர்தான் படிச்சாச்சே. நம்பறேன்னு எழுதியும் ஆச்சு. ஜெயிலுக்கு ஒரு ஆளை அனுப்பிச் சொல்றதுக்கு அந்தக் காகிதம் எதுக்கு?"

எஃபி அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடி படித்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. தன் குற்றத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததில் அதற்குப் பின்னால் நின்றவரை அவள் பார்க்கவே இல்லை.

"தேடினார், கிடைக்கல" என்றாள் கடைசியில். "கிடைக்காதது அவருக்கு ஒரு சாக்காப் போயிருக்கும். கரும்புத் தோட்ட முதலாளிங்க எல்லாம் அன்னிக்குப் படகுப் போட்டிக்கு வந்திருந்தாங்களே. அத்தனை பேருக்கும் நடுவுல எப்படிச் சொல்லுவார்."

அப்பாவைப் பற்றி யார் ஒரு வார்த்தை சொன்னாலும் எழுந்து நிற்கிற ரானல்ட், அன்று எழுந்திருக்கவில்லை.

மிஸஸ் கெடிஸ் ஆறிப்போன டீயைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்தாள். யாரும் கேட்காமலே ரானல்டின் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள்.

"இதை இருபதாம் நம்பரா எழுதிக்கலாமா?" என்று மிஸ் கேர்ன்ஸ் கேட்டாள்.

"எழுதிக்கோங்க. ஆனா உங்க நூலகத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு பார்க்கணும்" என்றாள் எஃபி. "அவங்க அம்மாவோட காகிதம். போன் நம்பர் கொடுத்திருக்காங்களா?"

"ஆஸ்பத்திரி நம்பர் இருக்கு."

எஃபி தம்பியைப் பார்த்தாள். அவன் தடுக்கவில்லை. "நாலு மணிக்கு மேல பண்ணு. அப்பதான் ஆள் மாறுவாங்க" என்றான். அவனுடைய மனைவி ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவனுக்கு அந்த நேரமெல்லாம் தெரியும்.

டெலிபோன் வாசல் கூடத்தில் இருந்தது. குடைகள், சேற்று பூட்ஸ்கள், நாய்ச் சங்கிலிகள் நடுவே. சொல்ல வேண்டியதை எஃபி ஒரு உறையின் முதுகில் எழுதிக்கொண்டு போனாள். நாலே வாக்கியம். மணி நாலே கால்.

வார்டில் யாரோ எடுத்தார்கள். பெரோ சிஸ்டரைக் கூப்பிடுகிறோம் என்றார்கள். தூரத்தில் யாரோ இருமும் சத்தம், தள்ளுவண்டிச் சத்தம். காத்திருந்ததில் எஃபியின் கை வியர்த்து உறையில் மை பரவியது.

"பெரோ பேசறேன். சீக்கிரம் சொல்லுங்க, வார்டுல ஆள் இல்ல."

பேச்சில் டண்டீயின் இழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. எஃபி அதை எதிர்பார்க்கவில்லை. எழுதி வைத்த நாலு வாக்கியமும் போய்விட்டது.

"நான் டாரிக் மாளிகையிலருந்து பேசறேன். கவர்னரோட பொண்ணு. உங்க அம்மா கொடுத்த மனு இங்க இருக்கு."

மறுமுனையில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் எடுத்தேன். பதினோரு வயசுல, எங்க அப்பா மேசையிலருந்து. என் புத்தகத்துல ஒட்டிட்டேன். அதனால அவர் தேடினப்ப..."

"அதுல குருவி இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

"பதினேழு. இன்னொண்ணு என் புத்தகத்துல ஒட்டிக்கிச்சு."

"பதினெட்டு" என்றது அந்தக் குரல். "அம்மா பதினெட்டுன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குருவியை எண்ணி வெச்சிருந்தாங்க."

எஃபி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மிஸ் பெரோ, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்கு எனக்கு..."

"போன்ல கேக்காதீங்க." கடுமையாக இல்லை, ஆனால் கறாராக இருந்தது. "நேர்ல கேளுங்க. அப்ப நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. நல்லதா எதுவும் சொல்லாமப் போகலாம். அதுக்கும் தயாரா இருங்க."

"இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வரேன். நான் அந்த நூலகத்துக்குக் கடுதாசி போட்டது மனுவுக்காக மட்டும் இல்ல. உங்க அப்பா போட்ட பதில் என்கிட்ட இருக்கு."

"பதிலா?" எஃபி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க அப்பா பதில் போட்டாரா? என்ன எழுதியிருக்கார்?"

"தெரியாது. பிரிக்கல."

"பிரிக்கலியா?"

"அது எங்க கிராமத்துக்கு வந்து சேர்ந்தது திங்கக்கிழமை. எங்க அப்பாவைப் புதைச்சு மூணாம் நாள். அரக்கு முத்திரையோட. 'விட்டுட்டேன்னு எழுதியிருந்தாலும் என்னால தாங்க முடியாது, விட மாட்டேன்னு எழுதியிருந்தாலும் தாங்க முடியாது'ன்னுட்டாங்க அம்மா. பைபிள்ல வெச்சுட்டாங்க. சாகும்போது என் கையில கொடுத்து, 'எழுதினவன் வீட்டு ஆளுங்க எதிர்ல பிரி'ன்னாங்க. நான் நர்ஸ் வேலைன்னு கப்பல் ஏறினதுல அதுவும் ஒரு காரணம்."

"நாப்பத்தேழு வருஷமாவா ஒரு கடுதாசியைப் பிரிக்காம வெச்சிருந்தீங்க?"

"நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க?"

வார்டில் யாரோ சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். 'வரேன்' என்று அந்தக் குரல் விலகிப் போய், மறுபடி அருகில் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சுடறேன். உறை மேல தபால் முத்திரை நல்லாத் தெரியுது. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுன்னு இருக்கு. தூக்குக்கு முந்தின நாள். அன்னிக்கு உங்க அப்பா எங்க இருந்தார், என்ன செஞ்சார்னு உங்க வீட்டுல யாருக்காவது நினைவு இருக்கா? யோசிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணி பஸ்ல வரேன்."

போன் வைக்கப்பட்டது.

கூடத்தின் கோடியில் ரானல்ட் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"என்னக்கா சொல்றாங்க? வராங்களா?"

"வராங்க." எஃபி ரிசீவரை வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். "ரானல்ட், அப்பா அந்தம்மாவுக்குப் பதில் எழுதிப் போட்டிருக்கார். படகுப் போட்டி அன்னிக்கே. அவங்க புருஷன் உசிரோட இருக்கறப்பவே."